தள்ளுபடி போனுக்கு வரி எந்த விலைமேல்? கேள்வி பதில்

ராமநாதபுரம், மண்டபம், கீழக்கரை பக்கத்துக் கடைகளுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன். எஸ்டிமேட் சீட்டை (பில்லுக்குப் பதில் கடையில் கையால் எழுதித் தரும் துண்டுச் சீட்டு) கையில் வைத்துக்கொண்டு சந்தேகம் கேட்பவர்கள் முதலில் கடைக்குப் போய் பில் வாங்கி வந்துவிடுங்கள்.

பாம்பன் தம்பி: 11,800 ரூபாய் போனை 1,180 குறைத்துக் கொடுத்தார்கள். வரி பழைய விலைக்கா, குறைந்த விலைக்கா?

குறைத்தது யார் என்பதைப் பாருங்கள். கடைக்காரரே குறைத்து, அதை பில்லிலும் காட்டியிருந்தால் குறைந்த விலைக்குத்தான் வரி. ஜிஎஸ்டி சட்டம் 15-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. போனுக்கு வரி 18 சதவீதம் (2020 ஏப்ரலுக்கு முன்னால் 12). 11,800-ல் வரி சேராத விலை 10,000, வரி 1,800. தள்ளுபடி போக 10,620 என்றால் வரி சேராத விலை 9,000, வரி 1,620. மத்திய அரசுக்கு 810, மாநிலத்துக்கு 810. அதாவது 1,180 தள்ளுபடியில் கடைக்காரர் கையிலிருந்து போவது 1,000தான், மீதி 180 வரியில் குறைந்தது. இதே 1,180-ஐ பேங்க் கார்டு ஆஃபராகக் கழித்தால் கதை வேறு. கடைக்கு முழுப் பணமும் வந்து சேர்ந்துவிடும், பேங்க் தன் பங்கைக் கட்டிவிடும். அப்போது பில்லில் வரி 1,800-ஆகவேதான் நிற்கும். "தள்ளுபடிக்கும் சேர்த்து வரி போட்டுட்டாங்க" என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

தங்கச்சிமடம் அக்கா: எம்ஆர்பி-க்கு மேல் ஜிஎஸ்டி கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். எம்ஆர்பி என்றாலே எல்லா வரியும் உள்ளடங்கியது.

மண்டபத்திலிருந்து ஒருவர்: தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போனதும் கட்டிக்கொள்ளலாம் என்று கிரெடிட் கார்டில் நோ காஸ்ட் இஎம்ஐ (வட்டியில்லாத் தவணை) போட்டேன். மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாகப் போகிறதே?

வட்டியைத் தள்ளுபடியாகத் தந்துவிட்டார்கள், சரி. ஆனால் கார்டு வட்டிமேல் விழும் 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான். ஃபைனான்ஸ் கம்பெனிக் கடன் என்றால் வட்டிக்கு வரி இல்லை, பிராசசிங் கட்டணத்துக்கு மட்டும் உண்டு.

கீழக்கரை: எங்க காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து போன் கொண்டு வருகிறார், வரி எவ்வளவு?

அது சுங்கத்துறை சமாச்சாரம், எனக்குத் தொடர்பில்லை.

தொண்டி: பில் இல்லாமல் வாங்கினால் 500 குறைக்கிறேன் என்கிறார் கடைக்காரர்.

இதைத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன். போன மாதம் ஒரு மீனவர் என்னிடம் ஒரு ரோஸ் கலர் சீட்டை நீட்டினார். "போன் 1, ரூ. 9,500" என்று பால்பாயிண்ட் பேனா எழுத்து. கடைப் பெயரும் இல்லை, போனை அடையாளம் காட்டும் ஐஎம்இஐ எண்ணும் இல்லை. போன் களவு போய், போலீஸில் புகார் கொடுத்து முடக்கலாம் என்று போனால் பில் கேட்கிறார்கள். 500 மிச்சம் பிடிக்கப்போய் 9,500-ம் போனது. நிஜ பில்லில் 33 என்று தொடங்கும், எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த 15 இலக்கக் கடையின் ஜிஎஸ்டி எண் இருக்கும், பாருங்கள்.

ராமநாதபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் அண்ணன்: வரி சேர்க்காமல் 24,000 விலையுள்ள போனைப் பழைய போன் எடுத்துக்கொண்டு 20,000-க்குத் தருகிறேன். 20,000-க்குத்தானே பில் போட வேண்டும்? எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள்.

எல்லாரும் போட்டால் சரியாகிவிடாது அண்ணே. ஜிஎஸ்டி விதி 27-ல் இதே கணக்கை, இதே 20,000, 24,000 தொகையோடு உதாரணமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். மதிப்பு 24,000. வரி 4,320. நீங்கள் போடுவது 3,600. வித்தியாசம் 720.

அதே அண்ணன்: 4,000 தள்ளுபடிதானே, நீங்களே தள்ளுபடி கழியும் என்றீர்களே?

தள்ளுபடி என்றால் சும்மா விட்டுக் கொடுப்பது. நீங்கள் விடவில்லை, பதிலுக்கு ஒரு போனை வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறீர்கள். நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கினால் உப்பு இலவசமா?

அண்ணன்: அந்தப் பழைய போன் உப்புக்காற்று பட்டு ஆயிரம் கூடப் போகாது!

அப்படியென்றால் பழைய போன் வாங்கிய சீட்டிலும் ஆயிரம் என்று எழுதுங்கள். மீதி 3,000-ஐ உங்கள் தள்ளுபடி என்று பில்லில் தனி வரிசையாகக் காட்டுங்கள், அப்போதுதான் அது கழியும் என்று வாதிட முடியும். இரண்டையும் கலந்து "எக்ஸ்சேஞ்ச் 4,000" என்று எழுதிவிட்டு அதிகாரி வந்ததும் பிரித்துச் சொன்னால் யார் கேட்பார்? இன்னொன்று, அந்தப் பழைய போனை விற்கும்போது உங்களுக்குக் கிடைத்த லாபத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். 1,000-க்கு வாங்கி 1,500-க்கு விற்றால் 500-க்கு 90. வாங்கியதற்கு உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்தச் சலுகையைப் பாதிப் பேர் பயன்படுத்துவதே இல்லை.

அண்ணன்: சரி, ஆடிட்டரிடம் கேட்கிறேன்.

தாராளமாக. விதி 27-ஐத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

தேவிபட்டினம்: எம்ஆர்பி-க்கு மேல் ஜிஎஸ்டி...

மேலே தங்கச்சிமடம் அக்காவுக்குச் சொன்னதே.

ஏர்வாடி: பெட்டியில் எம்ஆர்பி 14,999 என்று இருக்கிறது, இதற்கு மேல் ஜிஎஸ்டி உண்டா?

மூன்றாவது ஆள்! 14,999-க்குள்ளேயே 2,288 ரூபாய் வரி இருக்கிறது தம்பி. 18-ஆல் பெருக்கி 118-ஆல் வகுத்துப் பாருங்கள். பில் வாங்கினீர்களா?