கயாக்குக்குப் பாய் கட்ட முன்: மிதவைக் கணக்கு

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் நாலு மீற்றர் பிளாஸ்டிக் கயாக் ஒன்று இருக்கிறது, மேலே இருந்து ஓட்டுகிற வகை. 3 சதுர மீற்றர் பாய் கட்ட ஆசை. இரண்டு பக்கமும் நாலு இஞ்சி பைப்பை மிதவையாகப் போட்டால் காணுமா? இல்லை, தெற்கில் மீன்பிடிக்கிற 'ஒருவ' என்கிற ஒற்றை மிதவை வள்ளம் மாதிரி ஒரு பக்கம் மட்டும் போதுமா?"

நாலு இஞ்சி காணாது. பாயில் காற்றுப் பிடித்ததும் கயாக் சரியும்; சரிகிற பக்கத்து மிதவை அமிழ்ந்து அதைத் தாங்க வேண்டும். மணிக்கு 12 கடல் மைல் காற்றில் உங்கள் பாயில் ஏறத்தாழ 8 கிலோ தள்ளுவிசை விழும். 20 கடல் மைலில் அது 22 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு, அதுதான் ஆட்களை ஏமாற்றுகிறது. இந்த விசை ஒன்றரை மீற்றர் உயரத்தில் வேலை செய்கிறது என்று வைத்தால், நடுவிலிருந்து 1 மீற்றர் தள்ளியிருக்கும் மிதவை 33 கிலோ தாங்க வேண்டும். நாலு இஞ்சி, அதாவது 110 மி.மீ. பைப் மீற்றருக்கு ஒன்பதரை லீற்றர்; ஒரு லீற்றர் ஏறத்தாழ ஒரு கிலோ தாங்கும். இரண்டு மீற்றர் துண்டு 19 லீற்றர்தான், சொந்தப் பாரத்தைக் கழித்தால் அதுவும் இல்லை. 160 மி.மீ. பைப் என்றால் மீற்றருக்கு 20 லீற்றர். மெல்லிய சுவர் உள்ளதாக இரண்டு மீற்றர் எடுத்து, மிதவையைக் கயாக்கோடு இணைக்கிற குறுக்குக் குழாயை, அதாவது 'கை'யை, 1.2 மீற்றருக்கு நீட்டுங்கள். தாங்க வேண்டியது 28 கிலோவுக்குள் இறங்கிவிடும்.

பைப்பின் முன்முனையில் 45 பாகை எல்போ ஒன்றை மேல்நோக்கி ஒட்டி அதற்கு மூடி போடுங்கள். தட்டை மூடியை நேரே போட்டால் ஒவ்வொரு அலையிலும் முட்டும். உள்ளே ரெஜிபோம் துண்டுகளை அடையுங்கள்; வெடிப்பு விழுந்தாலும் மிதக்கும். மிதவையின் முன்முனை பாய்மரத்தைத் தாண்டி முன்னே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பின்காற்றில் அணியம் (கயாக்கின் முன்முனை) தண்ணீருக்குள் குத்தும்.

உயரம் முக்கியம். நீங்கள் ஏறி இருக்கும்போது இரண்டு மிதவையும் தண்ணீருக்குச் சற்று மேலே, நாலைந்து விரற்கடை விட்டு நிற்கட்டும். இரண்டும் சேர்ந்து நனைந்தால் சும்மா இழுவைதான்.

கைக்கு 40 மி.மீ. அலுமினியக் குழாய் இரண்டு. ஒன்று சவள் (துடுப்பு) வீச்சுக்கு முன்னால், மற்றது இருக்கைக்குப் பின்னால். ஒற்றைக் கை முறுக்கும். கையைக் கயாக்கின் குறுக்கே கிடக்கிற நடுக்குழாய்க்குள் செருகி ஆணி போடுகிற மாதிரிச் செய்யுங்கள், காரணம் பிறகு சொல்கிறேன். கயாக் பிளாஸ்டிக்கில் ஃபைபரும் பசையும் பிடிக்காது. எனவே போல்ட் போட்டு, உள்ளே அகலமான பலகை கொடுக்க வேண்டும். அல்லது நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். என் தெரிவு கயிறுதான். ஒருவ வள்ளத்தின் கைகளும் கட்டுத்தான், அலைக்கு இசைந்து கொடுக்கும்.

ஆனால் அந்த வள்ளத்திலிருந்து எடுக்கக்கூடியது அந்தக் கட்டு மட்டும்தான். அதன் ஒற்றை மிதவை எப்போதும் காற்று வருகிற பக்கத்திலேயே நிற்கும், பாரமாக. காற்றுக் கூடினால் ஆட்கள் கைமரத்தில் ஏறிப் போவார்கள். திசை மாற்ற வள்ளத்தைத் திருப்புவதில்லை. பாயை மாற்றிப் பின்முனையை முன்முனையாக்கி ஓடுவார்கள். உங்கள் கயாக்குக்கு அணியம் ஒன்றுதான். ஐந்தாறு கிலோ பைப் எதிர்ப்பாரமாக நின்று என்ன செய்யும்? இரண்டு பக்கமும் போடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை: பக்கப் பலகை. அது இல்லாமல் கயாக் முன்னே போவதை விடப் பக்கவாட்டில் வழுக்குவது கூட. 25 சென்ரிமீற்றர் அகலப் பலகை, அரை மீற்றர் தண்ணீருக்குள். பாயின் நடுவுக்கு நேர் கீழே வருகிற மாதிரிப் பூட்டுங்கள்.

இப்போது அந்த ஆணி. மிதவை பூட்டிய கயாக் நிமிர்ந்து நிற்பதில் எவ்வளவு உறுதியோ, கவிழ்ந்து கிடப்பதிலும் அவ்வளவு உறுதி. ஒரு பக்க ஆணிகளை உருவினால் அந்த மிதவை விட்டுக்கொடுக்கும், உருட்டி நிமிர்த்தலாம். மிதவை அடித்துப்போகாமல் ஒரு கயிறு இருக்கட்டும். முதலில் பாய்மரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நெஞ்சளவுத் தண்ணீரில் இதைச் செய்து பழகுங்கள், மிதவை அங்கி போட்டுக்கொண்டு.

கச்சான் வீசுகிற ஆனி, ஆடியில் முதல் ஓட்டம் வேண்டவே வேண்டாம். உப்புவெளியில் அது கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கரையோரம் அலையே இருக்காது. அரைக் கிலோமீற்றர் தள்ளிப் போன பிறகுதான் திரும்பி வருவது எவ்வளவு பாடு என்று தெரியும். திருகோணமலை உள்துறைமுகம் மறைவான இடம்தான், ஆனால் கடற்படைத் தளமும் கப்பல் பாதையும் உள்ள இடம், கேட்காமல் இறங்காதீர்கள். பங்குனி, சித்திரையில் ஒரு காலை, கடற்காற்று மெல்ல எழும்புகிற நேரம் பாருங்கள். அது உங்களைக் கரைக்கே தள்ளும். சவளை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.