சும்மா பிழை திருத்தும் வேலையா?

அன்புள்ள அக்காவுக்கு,

கோத்தகிரி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. எம்.ஏ. ஆங்கிலம் முடித்திருக்கிறேன். வெளிநாட்டுப் பெரிய பதிப்பு நிறுவனம் ஒன்றின் சென்னை அலுவலகத்தில் காப்பி எடிட்டராக வேலை கிடைத்திருக்கிறது. சும்மா பிழை திருத்தும் வேலைதான். இதில் மேலே போக வழி உண்டா? அப்பா குரூப் 2 எழுதச் சொல்கிறார். ஏ.ஐ. வந்தபிறகு இந்த வேலையே இருக்காது என்றும் சொல்கிறார்கள்.

எம்.

அன்புள்ள எம்.,

வயதில் சின்னவள், நீ என்றே எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்று பழைய பெட்டியிலிருந்து ஒரு ப்ரூஃப் தாளை (அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கும் தாள்) எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில்.

குரூப் 2 உனக்கும் அப்பாவுக்கும் உள்ள பேச்சு, நான் நடுவில் வரவில்லை. மேலே போக வழி இருக்கிறது. காப்பி எடிட்டர், சீனியர், அப்புறம் ப்ராஜெக்ட் மேனேஜர் என்று போகலாம். எந்தப் புத்தகம் வரவேண்டும் என்று முடிவுசெய்கிற கமிஷனிங் எடிட்டர் நாற்காலி பெரும்பாலும் டெல்லியிலோ வெளிநாட்டிலோதான். வேலை ஆர்டரையும் நன்றாகப் படி. உன்னை எடுப்பது பதிப்பகமா, அவர்களுக்கு வேலை செய்துகொடுக்கும் கம்பெனியா? சென்னையிலும் புதுச்சேரியிலும் இரண்டாவது வகைதான் அதிகம். அங்கே ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் என்பதுதான் பேச்சு.

சரி, அந்தச் 'சும்மா'வுக்கு வருகிறேன். அதை எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? உங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்களை 'சும்மா இலை கிள்ளுகிறார்கள்' என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நிற்பாயா?

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்வெளிகளைப் பற்றி ஒரு வெளிநாட்டுத் தாவரவியலாளர் எழுதிய புத்தகம் என் மேசைக்கு வந்தது. அதில் ஒரு வரி: தொட்டபெட்டா, உயரம் 2,673 மீட்டர். இலக்கணம் சரி, எழுத்துப் பிழை கிடையாது. ஆனால் என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. 2,637 என்று ஐந்தாம் வகுப்பில் டீச்சர் எங்களை நிற்க வைத்துச் சொல்ல வைத்த எண் அது. முழுப் புத்தகத்தையும் புரட்டினேன். இரண்டு அட்டவணைகளிலும் அதே 2,673. ஓரத்தில் ஆத்தர் கொயரி, அதாவது எழுதியவருக்கான கேள்வி, எழுதினேன்: "2,637 ஆக இருக்குமா? அட்டவணை 3, 7 இரண்டிலும் இப்படியே வருகிறது. பார்த்துச் சொல்லவும்."

அன்றைக்கு என் டார்கெட் பாதிகூட முடியவில்லை. டீம் லீடர் எல்லோர் முன்னாலும் கத்தினார். எண்ணைச் சரிபார்ப்பது எழுதியவர் வேலையாம். ஹாஸ்டலில் போய் அழுதேன். நான்கு நாள் கழித்து நூலாசிரியரிடமிருந்து பதில்: ஆம், 2,637தான், மூன்று பேர் படித்தும் தப்பிவிட்டது, நன்றி. அந்தத் தாளைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். புத்தகத்தில் என் பெயர் எங்கும் இல்லை. உன் பெயரும் இருக்காது, அதை இப்போதே தெரிந்துகொள்.

டொனால்டு கனூத் என்ற கணினி அறிஞரைக் கேள்விப்பட்டிருக்கிறாயா? 1977இல் தன் புத்தகத்தின் ப்ரூஃப் வந்தபோது, அச்சு எழுத்துகளின் லட்சணத்தைப் பார்த்து மனம் நொந்து, டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளையே தானே எழுதினார். நீ சேரும் இடத்தில் கணிதப் புத்தகம் வந்தால் அதைப் பார்ப்பாய். தன் நூல்களில் பிழை கண்டுபிடித்துச் சொன்னவர்களுக்கு 2.56 டாலருக்குக் காசோலை எழுதி அனுப்பினார். வாங்கியவர்களில் பலர் வங்கியில் போடாமல் சட்டமிட்டு மாட்டிக்கொண்டார்கள். பிழை பார்ப்பவரை எழுதியவரே மதித்த கதை இது. நீயே உன் வேலையைச் 'சும்மா' என்கிறாய்!

ஏ.ஐ. பயம் பொய்யில்லை. எழுத்துப் பிழை, காற்புள்ளி, மேற்கோள் வரிசை எல்லாவற்றையும் மென்பொருள் ஏற்கெனவே பாதி முடித்துவிடுகிறது. அதை மட்டும் தெரிந்தவர்களுக்கு நாளை கஷ்டம்தான். ஆனால் ஒரு வரியில் நின்று, இது சரிதானா என்று சந்தேகப்பட்டு, எழுதியவர் மனம் நோகாமல் கேட்கத் தெரிந்தவளுக்கு வேலை இருக்கும். சேர்ந்தால் அதைப் பழகு. வேகம் தானாக வந்துவிடும்.

முதல் கொயரி எழுதியதும் எனக்கு அனுப்பு. அதில் 'தவறு' என்ற சொல் இருந்தால் திட்டுவேன்.

அன்புடன்,
அக்கா