நூறு ஆக்டேன் ஊற்றினால் லேப் டைம் குறையுமா?

போன இதழில் டிராக் டே, அதாவது சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள், பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெட்ரோல் கேள்விகள்தான். டயரில் காற்று எவ்வளவு வைப்பது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். சரி, பெட்ரோலையே பார்த்துவிடுவோம்.

கேள்வி: சார், என்னிடம் யமஹா ஆர்15 வி4 பைக் இருக்கிறது. அடுத்த மாதம் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் முதல்முறையாக ஓட்டப் போகிறேன். 100 ஆக்டேன் போடு, பறக்கும் என்கிறார்கள் நண்பர்கள். போடலாமா? (கல்லூரி மாணவர், பொள்ளாச்சி)

பதில்: போடலாம் தம்பி, பறக்காது. ஆக்டேன் என்பது பெட்ரோலில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று சொல்லும் எண் அல்ல. பிளக் பொறி விட்டு நெருப்பு பரவிக்கொண்டிருக்கும்போது, ஓரத்தில் இன்னும் எரியாமல் கிடக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடித்துவிடாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்று சொல்கிற எண், அவ்வளவுதான். அப்படித் தாக்குப்பிடிக்காமல் வெடிப்பதைத்தான் நாக்கிங் என்கிறோம். மேட்டில் மேல் கியரிலேயே வைத்துத் திருகினால் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம் வருமே, அதுதான்.

உங்கள் வண்டியின் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் கலவையை நெருக்கும் விகிதம், 11.6:1. கேட்க அதிகமாகத் தெரியும், ஆனால் தண்ணீர்க் குளிர்ச்சியும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனும் வைத்து, நம்மூர் பங்க் பெட்ரோலில் ஓட வேண்டும் என்றே கணக்குப் போட்டுச் செய்த இன்ஜின் அது. நாக்கிங் இல்லாத இன்ஜினுக்கு நாக்கிங்கைத் தடுக்கும் பெட்ரோல் போட்டு என்ன கிடைக்கும்? பிளக் பொறி விடும் நேரத்தை (இக்னிஷன் டைமிங்) முன்னே தள்ளி இன்ஜின் கம்ப்யூட்டரின் மேப்பை மாற்றியிருந்தாலோ, ஹெட்டைக் கடைந்து கம்ப்ரஷனை ஏற்றியிருந்தாலோ கதை வேறு. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஸ்டாக் வண்டிக்கு வேண்டாம்.

இன்னொன்று. முன்பு நம் சாதாரண பெட்ரோல் 88 ஆக்டேன், பி.எஸ்.6 மாசு விதி வந்தபோது 91, 20 சதவீத எத்தனால் கலந்த இ20 ஆனபிறகு 95 என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. அதாவது நீங்கள் தினமும் கல்லூரிக்குப் போகப் போடுவதே முன்பு பிரீமியம் என்று விற்றதன் எண். 100 ஆக்டேன் 2020 டிசம்பரில் முதலில் வந்தபோதே லிட்டர் 160 ரூபாய். 11 லிட்டர் டேங்க்கை அதில் நிரப்ப ஆகும் கூடுதல் காசை எடுத்து வைத்து, முதலில் பிரேக் பேடையும் பிரேக் ஆயிலையும் பாருங்கள்.

கேள்வி: அமெரிக்க வீடியோக்களில் 93 ஆக்டேனையே பெரிய விஷயமாகப் பேசுகிறார்கள். நம் 95 அதைவிட மேல்தானே? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: இல்லை. நாம் சொல்வது ஆர்.ஓ.என். (ரிசர்ச் ஆக்டேன் நம்பர்) என்ற அளவு. இன்னும் கடுமையான சோதனையில் வருவது எம்.ஓ.என். (மோட்டார் ஆக்டேன் நம்பர்), அது எப்போதும் குறைவாகவே இருக்கும். அமெரிக்காவில் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பம்ப்பில் ஒட்டுகிறார்கள். அவர்களின் 93 நம் கணக்கில் 98ஐ ஒட்டி வரும், அவர்களின் 87 ஏறக்குறைய நம் 91, 92. அந்த ஊர் டியூனர் "93க்கு இந்த மேப்" என்று கொடுத்ததை இங்கே 95ஐ ஊற்றி ஓட்டிவிட்டுப் பிஸ்டன் போயிற்று என்று எழுதினால், நான் ஆறுதல்தான் சொல்ல முடியும்.

கேள்வி: டிராக் ரேஸுக்காக ஆர்எக்ஸ்100 ஒன்றைத் தயார் செய்திருக்கிறேன். போர்ட்டிங் (காற்று, புகை வழிகளைக் கடைந்து பெரிதாக்குவது), ஹெட் இறக்கல் (கம்ப்ரஷனை ஏற்றுவது) எல்லாம் ஆயிற்று. இரண்டு வருடம் முன்பு அருமையாக ஓடியது, செட்டிங்கைத் தொடவே இல்லை, இப்போது முழு த்ராட்டிலில் இழுக்கும்போது சூடேறி அடங்கிவிடுகிறது. மெக்கானிக் ஆக்டேன் போதவில்லை என்கிறார். (ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், காஞ்சிபுரம்)

பதில்: செட்டிங்கைத் தொடவில்லை என்கிறீர்களே, கோளாறே அங்கேதான். வண்டி மாறவில்லை, பெட்ரோல் மாறிவிட்டது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20 என்றால் இரண்டுக்கும் நடுவில் சுமார் 13.5 என்று வரும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்து ஓரளவு சரிக்கட்டிக்கொள்ளும். உங்கள் கார்புரேட்டருக்குக் கண்ணா இருக்கிறது? பழைய ஜெட், அதாவது பெட்ரோல் வரும் துளை, பழைய அளவே விடும். அதனால் கலவை சுத்தமான பெட்ரோலில் இருந்ததைவிட ஏழெட்டு சதவீதம் லீன் ஆகிவிடும், அதாவது பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துவிடும். ஸ்டாக் வண்டி ஊருக்குள் அதைத் தாங்கும். ஹெட் இறக்கிய டூ ஸ்ட்ரோக்கை முழு த்ராட்டிலில் பிடித்தால் தாங்காது.

எத்தனால் கலந்ததால் நாக்கிங்குக்கு எதிரான திறன் கூடித்தான் இருக்கிறது, எத்தனாலின் ஆக்டேன் மட்டும் பார்த்தால் 108ஐத் தாண்டும். அதனால் ஆக்டேன் போதவில்லை என்பதை நான் முதல் சந்தேகமாக எடுக்க மாட்டேன். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றுங்கள், ஓட்டுங்கள், பிளக்கைப் பாருங்கள், போதாவிட்டால் இன்னொன்று. பிளக் பார்ப்பதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். புது பிளக் போட்டு, மூடிய பாதையில் முழு த்ராட்டிலில் மேல் கியர் வரை இழுத்து, அதே நொடியில் கில் சுவிட்சையும் கிளட்சையும் ஒன்றாகப் பிடித்து உருட்டிக்கொண்டு வந்து கழற்றிப் பாருங்கள். ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டு நிதானமாகப் பிட்டுக்கு ஓட்டி வந்து பார்த்தால், அந்தப் பிளக் சொல்வது ஐட்லிங் கதை. பீங்கானில் மிளகுத் தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளியோ, டார்ச் வெளிச்சத்தில் மினுக்கும் வெள்ளி மணிகளோ தெரிந்தால் அன்றைக்கு ஓட்டம் போதும். அந்த வெள்ளி வேறெங்கிருந்தும் வரவில்லை, பிஸ்டனின் அலுமினியம் உருகி ஒட்டியது. நான் ஒருமுறை "இன்னும் ஒரே ஒரு ரன்" என்று போய்ப் பட்டாணி அளவு ஓட்டையோடு பிஸ்டனை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது அது என் மேசையில் பேனா ஸ்டாண்ட்.

வாங்கும் பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று தெரிய லேப் எதுவும் வேண்டாம். அளவுக்கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாயில் 100 மில்லி பெட்ரோல், 10 மில்லி தண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். வெளியில், நெருப்புக்குத் தள்ளி. எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். கீழ்த் தண்ணீர் 10 மில்லியாகவே இருந்தால் கலப்பில்லை, 30 மில்லி பக்கம் ஏறியிருந்தால் அது இ20. இதே காரணத்தால்தான் ஒரு ரேஸுக்கும் அடுத்த ரேஸுக்கும் நடுவில் டேங்க்கில் பெட்ரோலை வைக்காதீர்கள் என்கிறேன். மழைக்காலத்தில் அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கார்ப் கிண்ணத்தையும் காலி செய்துவிடுங்கள்.

கேள்வி: ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலில் "30 பாயிண்ட் ஏற்றும்" என்று போட்டிருக்கிறதே, 91 என்பது 121 ஆகிவிடுமா? (மதுரை)

பதில்: ஆகாது. அந்த வியாபாரத்தில் பத்து பாயிண்ட் சேர்ந்தால்தான் ஒரு ஆக்டேன். உங்கள் 91 ஏறினால் 94 ஆகும். மாங்கனீஸ் கலந்த சரக்காக இருந்தால் பிளக் செங்கல் நிறமாக மாறிவிடும், அப்புறம் பிளக்கைப் பார்த்து எதையும் படிக்க முடியாது. ஆக்டேன் நிஜமாகவே வேண்டுமென்றால் 100ஐ வாங்கிச் சாதா பெட்ரோலோடு பாதிக்குப் பாதி கலப்பது சுலபம்.

கேள்வி: விமானப் பெட்ரோல், மெத்தனால் இரண்டையும் பற்றிச் சொல்லுங்கள். ஏர்போர்ட்டில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். (திருச்சி)

பதில்: உங்கள் சொந்தக்காரர் கைக்கு எட்டுவது அநேகமாக ஏ.டி.எஃப். ஜெட் விமானத்துக்குப் போகும் அது மண்ணெண்ணெய் ஜாதி, பெட்ரோல் இன்ஜினில் போட்டால் கதை முடிந்தது. நீங்கள் கேட்பது சின்ன விமானங்களுக்கான அவ்காஸ் 100 எல்.எல். அதில் ஈயம் இருக்கிறது. நாட்டில் ஈயப் பெட்ரோலை 2000 பிப்ரவரியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆக்ஸிஜன் சென்சாரையும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் அது சாகடிக்கும், புகையைச் சுவாசிப்பது நீங்களும் பிட்டில் நிற்கும் குழந்தைகளும்.

மெத்தனாலைத் தொடாதீர்கள். அதற்கு 6.4 பங்கு காற்றே போதும் என்பதால் பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஊற்ற வேண்டிவரும், ஜெட், பம்ப், ரப்பர் எல்லாமே மாற வேண்டும். எரிந்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலை தெரியாது, பக்கத்தில் இருப்பவர் ஏன் துள்ளுகிறார் என்றே புரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிரைக் குடித்தது இதே மெத்தனால்தான். உரிமம் இல்லாமல் கேன் கேனாக வீட்டில் வைத்திருந்து போலீஸ் வந்தால், ரேஸுக்கு என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, ரோட்டாக்ஸ் கார்ட் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் வைத்த குட்டி ரேஸ் வண்டி) ஓட்டுகிறாள். பெட்ரோல், ஆயில் கலப்பது, எடுத்துப்போவது எல்லாம் என் பொறுப்பு. சத்தியமாகப் பயமாக இருக்கிறது. (ஒரு அம்மா, சென்னை)

பதில்: பயம் நல்லதுதான் அம்மா, பயப்படுகிறவர்கள் அளந்து ஊற்றுவார்கள். முதலில் போட்டியின் துணை விதிகளில் எரிபொருள் பத்தியைப் படியுங்கள். சில போட்டிகளில் பெட்ரோலை அமைப்பாளரே தருவார், வெளியிலிருந்து ஒரு சொட்டும் கூடாது. சாம்பிள் எடுத்துப் பார்த்து ரிசல்ட்டை ரத்து செய்தால் குழந்தையின் உழைப்பு வீண். நீங்களே வாங்கலாம் என்றிருந்தால் 95 ஆக்டேனும், 50க்கு 1 ஆயிலும். 5 லிட்டருக்கு 100 மில்லி. கண்மதிப்பு வேண்டாம், மருந்து அளக்கிற மாதிரி அளக்கும் ஜாடியில். முதலில் ஆயிலைப் பாதிப் பெட்ரோலில் விட்டுக் குலுக்கி, அப்புறம் மீதியை ஊற்றுங்கள். கலந்த தேதியைக் கேன் மேல் எழுதி வையுங்கள், போன மாதம் கலந்ததை இந்த மாதம் போடாதீர்கள்.

தண்ணீர் பாட்டிலில் வாங்கும் பழக்கம் வேண்டாம். பெட்ரோலியச் சட்டப்படி விற்பனைக்கு இல்லாமல் உரிமமின்றி 30 லிட்டர் வரைதான் கையில் வைத்திருக்கலாம், அதுவும் 25 லிட்டருக்கு மிகாத, இறுக மூடும் உலோகக் கேனில். பங்க்கில் நிரப்பும்போது கேனைக் காரின் டிக்கியிலேயே வைத்து ஊற்றச் சொல்லாதீர்கள். கீழே இறக்கித் தரையில் வைத்து, பம்ப்பின் மூக்கு கேனைத் தொட்டபடி இருக்க நிரப்பச் சொல்லுங்கள். டிக்கிக்குள் விரித்த கம்பளத்தின் மேல் வைத்து நிரப்பினால் நிலை மின்சாரப் பொறி தெறிக்கலாம்.