பிரிவுகளைக் கூட்டினால் மொத்தத்தை மிஞ்சுவது ஏன்?

ஒரே பதிவு பல பிரிவுகளில் வந்தால், ஒவ்வொரு பிரிவும் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஊரில் 100 விவசாயிகள் என்று வையுங்கள். நெல் பருவங்களில் குறுவை போட்டவர்கள் 60, தாளடி 45, சம்பா 40. கூட்டினால் 145! குறுவை அறுத்த அதே வயலில் தாளடி நட்ட 45 பேரும் இரண்டு வரிசையிலும் இருக்கிறார்கள், அதுதான் காரணம்.

கல்யாண வீட்டில் ஒருவரே பெண்ணுக்கு மாமா, மாப்பிள்ளைக்குச் சித்தப்பா. பந்தியில் அவருக்கு இலை ஒன்றுதானே?

சரி, ஆள் கணக்கு வேண்டுமென்றால் அடையாள எண்ணை வைத்து ஒருவரை ஒருமுறை மட்டும் எண்ணுங்கள். மொத்தத்தைத் தனி வரியில் போடுங்கள்.

145-ஐப் பார்த்ததும் பட்டியல் தப்பு என்று நினைத்துப் பலர் தாளடி வரிசையில் பெயர்களை அடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், 145 என்பது சாகுபடிகளின் எண்ணிக்கை, 100 என்பது ஆட்களின் எண்ணிக்கை, இரண்டுமே சரி.