அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரே ஜெர்சி எண்ணைப் போட்டுக்கொண்டு பெயர் வாங்கிய வீரர்கள் யார் யார்?

நிறைய பேர் இருக்கிறார்கள், ஆனால் ஒரே ஒரு எண்ணைச் சொல் என்றால் யோசிக்காமல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் 44 என்பேன். (நாம் உதைத்து ஆடுகிற ஃபுட்பால் இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற அமெரிக்க ஆட்டம்.) ஜிம் பிரவுன், எர்னி டேவிஸ், ஃபிளாய்ட் லிட்டில். மூவருமே பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக், மூவருமே கறுப்பினத்தவர், மூவருக்கும் ஒரே பயிற்சியாளர், பென் ஷ்வார்ட்ஸ்வால்டர்.

பிரவுன் சேர்ந்தபோது கல்லூரி உதவித்தொகைகூடத் தரவில்லை, அவர் ஊர் வக்கீல் ஒருவர் நாலு பேரிடம் பணம் திரட்டித்தான் அனுப்பி வைத்தார். 1956இல் கோல்கேட் அணிக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள்: 6 டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது), அதாவது 36 புள்ளி, அதற்கு மேல் கூடுதல் புள்ளிக்கான உதைகளையும் அவரே உதைத்து 7 எடுத்தார். ஒரே ஆளாக 43. அந்த வருஷம் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது ஓட்டெடுப்பில் அவருக்குக் கிடைத்த இடம் ஐந்து! விருது போனது 10 ஆட்டத்தில் 2 மட்டுமே ஜெயித்த நோட்ர டாம் அணியின் பால் ஹார்னங்குக்கு. தோல் நிறம் காரணமில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அதே 44ஐப் போட்டுக்கொண்டு வந்த டேவிஸ் 1961இல் அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பின வீரர் ஆனார். பிரவுன் கல்லூரியில் ஓடியது 2,091 கெஜம், இவர் 2,386. 1959 சீசனில் சிரக்யூஸ் ஒரு தோல்விகூட இல்லாமல் தேசிய சாம்பியன், 1960 புத்தாண்டு அன்று டல்லாஸில் நடந்த காட்டன் பௌல் ஆட்டத்தில் டெக்சஸை 23-14 என்று சாய்த்தபோது தசைப்பிடிப்போடு ஆடிய டேவிஸ் பந்தைப் பிடித்து 87 கெஜ டச் டவுன் போட்டார், ஆட்ட நாயகனும் அவர்தான். அன்றைய விருந்தில் பரிசு கொடுத்து முடித்ததும் கறுப்பின வீரர்களை மட்டும் வெளியே போகச் சொன்னார்கள்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. 1962 டிராஃப்டில் (தொழில்முறை லீக்கான என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) முதல் ஆளாக அவரை எடுத்தது வாஷிங்டன் அணி, அங்கிருந்து உடனே கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணிக்கு மாற்றினார்கள். அங்கே ஏற்கெனவே ஜிம் பிரவுன். இரண்டு 44களும் ஒரே அணியில் ஓடியிருக்க வேண்டியது, ஆனால் அந்தக் கோடையிலேயே டேவிஸுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஒரு என்எஃப்எல் ஆட்டம்கூட ஆடாமல் 1963 மே 18 அன்று, 23 வயதில் போய்விட்டார். சரியாக 60 வருஷம் கழித்து, 2023இல் அதே மே 18இல்தான் ஜிம் பிரவுனும் இறந்தார்.

லிட்டிலைச் சிரக்யூஸுக்கு வரச் சொல்லி நேரில் போய்ப் பேசியவர் இந்த டேவிஸ்தான். ராணுவக் கல்லூரியில் சேரும்படி ஜெனரல் மக்ஆர்தரே லிட்டிலிடம் பேசிப் பார்த்திருக்கிறார், ஆனால் டேவிஸ் இறந்த செய்தி வந்ததும் லிட்டில் சிரக்யூஸ் என்று முடிவு செய்துவிட்டார். 1964இல் கான்சஸுக்கு எதிராக 5 டச் டவுன், கல்லூரியில் மொத்தமாக ஓடியது 2,704 கெஜம், இரண்டு முன்னோடிகளையும் தாண்டிவிட்டார்.

கடைசியாக 44 போட்டவர் 1990களில் ஆடிய ஃபுல்பேக் ராப் கொன்ராட். (2015இல் புளோரிடா அருகே தன் படகிலிருந்து கடலில் விழுந்து, ராத்திரி முழுக்க நீந்திக் கரை சேர்ந்தாரே, அதே ஆள்தான்.) 2005இல், இனி யாருக்கும் தருவதில்லை என்று எண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்தின் அஞ்சல் எண்ணே 13244.

எனக்கு இந்த ஓய்வில் உடன்பாடு இல்லை. நல்ல பையன்களை இழுத்து வர உதவிய எண்ணைப் பூட்டி வைத்து என்ன லாபம்? எல்எஸ்யூவில் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 18ஐப் பாருங்கள், 2003இல் மேட் மாக், 2007இல் ஜேக்கப் ஹெஸ்டர் என்று இரண்டு சாம்பியன் அணிகளில் அந்த எண் இருந்தது, இன்றைக்கும் ஆட்டத்தோடு குணத்தையும் பார்த்து அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஜூனியர் சியாவ், வில்லி மெக்கினஸ்ட் போட்ட யூஎஸ்சியின் (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) 55 பற்றித் தெரிந்தவர்கள் தனியாக ஒரு பதில் எழுதுங்கள், அதுவும் பெரிய கதை.