மினசோட்டா வானிலைப் பட்டியலில் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: "ஜனவரியில் மினியாபொலிஸுக்கு மாற்றலாகிப் போகிறேன். அங்கே வானிலைச் செய்தியில் சராசரி, சாதனைக் குளிர், சூரிய அஸ்தமனம் என்று தினமும் ஒரு பட்டியல் போடுகிறார்களே, எதைக் கவனிப்பது?"

சாதனைக் குளிரை வாய் பிளந்து படிக்கலாம், அதை வைத்து கோட் வாங்க வேண்டாம். மாநிலச் சாதனை மைனஸ் 60 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 51 செல்சியஸ். 1996 பிப்ரவரி 2 காலையில், வடக்கே டவர் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் பதிவானது. அன்று மாநிலம் முழுக்கப் பள்ளிகளை மூடச் சொன்னார் ஆளுநர். அதே காலையில் மினியாபொலிஸில் மைனஸ் 32 ஃபாரன்ஹீட்தான். (மைனஸ் 40 வந்தால் ஃபாரன்ஹீட்டா செல்சியஸா என்று கேட்கவே வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.)

இவ்வளவு வித்தியாசம் ஏன்? தரையில் கெட்டியான பனி, மேகமில்லாத வானம், அசையாத காற்று, நீண்ட இரவு. நான்கும் சேர்ந்தால் தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளம் பார்த்து இறங்கித் தேங்கிவிடும். நகரத்தில் கான்கிரீட்டும் கட்டடங்களின் சூடும் அந்த அளவுக்குப் போக விடாது.

சராசரி என்பது 1991 முதல் 2020 வரையான முப்பது வருடக் கணக்கு. ஜனவரியில் பகலில் மைனஸ் 5, இரவில் மைனஸ் 13 செல்சியஸ் வாக்கில் இருக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் காற்று அதில் சேரவில்லை. மைனஸ் 20 செல்சியஸில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 33. மூடாத காது மடலும் மூக்கு நுனியும் அரை மணிக்குள் வெளுத்து மரத்துப்போகலாம். வெளியே கிளம்புமுன் நான் முதலில் பார்ப்பது இந்தக் காற்றுக் குளிர் எண்ணைத்தான்.

அப்புறம் சூரியன். டிசம்பர் 21தான் சீக்கிரம் இருட்டும் நாள் என்று நினைப்போம். இங்கே சூரியன் சீக்கிரம் மறைவது டிசம்பர் 10 வாக்கில், மாலை 4:31க்கு. ரொம்பத் தாமதமாக உதிப்பது ஜனவரி தொடக்கத்தில், 7:51க்கு. ஆகவே நீங்கள் வரும்போது மாலை கொஞ்சம் நீண்டிருக்கும், காலைதான் கும்மிருட்டு. கார் கண்ணாடியில் படிந்த பனியை அந்த இருட்டில்தான் சுரண்ட வேண்டும். கராஜ் இல்லாத வீடு என்றால் பழைய பேட்டரியை முதல் வாரமே மாற்றிவிடுங்கள்.