பீட்டர் உஸ்தினவ்: காதால் பிழைத்தவர் – கேள்வி பதில்

குரல் நடிப்பைப் பற்றிப் போன வாரம் பேசியபோது பீட்டர் உஸ்தினவின் பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: யார் ஐயா இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1921 ஏப்ரல் 16 அன்று லண்டனில் பிறந்து, 2004 மார்ச் 28 அன்று சுவிட்சர்லாந்தில் இறந்த ஆங்கில நடிகர். துணை நடிகருக்கான ஆஸ்கரை இரண்டு முறை வாங்கினார். நாடகம் எழுதினார், படம் இயக்கினார், கார்ட்டூன் சிங்கத்துக்குக் குரல் கொடுத்தார்.

கேள்வி: ஆங்கிலேயர் என்கிறீர்கள். பெயர் ரஷ்யப் பெயராக இருக்கிறதே?

பிறப்பும் படிப்பும் இங்கிலாந்து. குடும்பமோ பல ஊர்த் தண்ணீர் குடித்தது. தந்தை இன்றைய இஸ்ரேலில் உள்ள யாஃபா என்ற ஊரில் பிறந்தவர். 'க்ளாப்' என்பது அவருடைய செல்லப் பெயர். ரஷ்ய மொழியில் அதற்கு மூட்டைப்பூச்சி என்று பொருள். லண்டனில் ஜெர்மன் தூதரகத்தின் பத்திரிகை அதிகாரியாக இருந்தார். ஹிட்லர் வந்தபின் அந்த வேலை போய், பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு உழைத்தார். தாய் நாடியா பெனுவா ஓவியர், மேடை வடிவமைப்பாளர். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் ஆளுக்கொரு உச்சரிப்பில் ஆங்கிலத்தை உடைப்பார்கள். மூலையில் உட்கார்ந்து அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்ட பையன்தான் பிற்காலத்தில் அதை விற்றுப் பிழைத்தான். என்னைக் கேட்டால் அவருடைய நடிப்பு, எழுத்து, குரல் மூன்றுக்கும் முதலீடு அந்தக் காதுதான். மற்றதெல்லாம் வட்டி.

கேள்வி: நான் மிமிக்ரி செய்பவன். அவரிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

'மாக் மோட்சார்ட்' என்ற இசைத்தட்டைத் தேடிக் கேளுங்கள். 1952-இல் வந்தது. மோட்சார்ட் பாணியில் ஒரு குட்டி ஆபெரா. பாடும் குரல்கள் அத்தனையும் உஸ்தினவ். பியானோவின் மூத்த உறவான ஹார்ப்சிகார்டை வாசித்தவர் ஆன்டனி ஹாப்கின்ஸ். அவசரப்படாதீர்கள், அந்தப் பெயருள்ள பிரபல சினிமா நடிகர் அல்லர். இவர் அதே பெயரில் இருந்த இசையமைப்பாளர். தயாரித்தவர் ஜார்ஜ் மார்ட்டின், பிற்காலத்தில் பீட்டில்ஸ் குழுவைப் பதிவு செய்த அதே ஆள்.

அன்றைக்கு ஒரே நாடாவில் பல தடங்களைத் தனித்தனியாகப் பதிவு செய்யும் வசதி கிடையாது. முதல் குரலை ஒரு நாடாவில் பிடித்து, அதை ஓடவிட்டு அதன்மேல் இரண்டாவது குரலைப் பாடி, இரண்டையும் சேர்த்து இன்னொரு நாடாவில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும், முதல் குரல் மங்கும். நாடக மேடைகளில் ஒலிப்பதிவு பார்த்துத் தலை நரைத்தவன் நான். அந்த வேலையின் எரிச்சல் எனக்குத் தெரியும். நான்காவது குரலில் ஒரு சுருதி பிசகினால் முதல் மூன்றும் வீண்.

வானொலியில் இன்னொரு கூத்து நடந்தது. பி.பி.சி.யில் பீட்டர் ஜோன்ஸுடன் சேர்ந்து 'இன் ஆல் டைரக்‌ஷன்ஸ்' என்ற நிகழ்ச்சி. இருவரும் ஒரு காரில் ஏறி காப்தார்ன் அவென்யூ என்ற தெருவைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். வழியில் எதிர்ப்படும் ஆட்களும் இவர்களே. எழுதிய வசனம் இல்லை; பேசிப் பேசிப் பதிவு செய்து, தேறியதை மட்டும் வெட்டி ஒட்டினார்கள். நீங்கள் கற்க வேண்டியது அந்த வெட்டும் துணிச்சலை.

கேள்வி: என் மகள் டிஸ்னியின் 'ராபின் ஹூட்' படத்தை நாற்பதாவது தடவையாகப் பார்க்கிறாள். அந்தச் சிங்கம் இவர்தானா?

இவரேதான், 1973. அந்தப் படத்தில் சிங்கமாக வரும் இளவரசர் ஜானின் தலைக்குக் கிரீடம் பெரியது; காதுவரை இறங்கி நிற்கும். குரலையும் அதே அளவில் தைத்திருக்கிறார் உஸ்தினவ். ஆளுக்குப் பொருந்தாத பெரிய குரலை எடுத்து மாட்டிக்கொண்டு அதிகாரமாகப் பேசுவார். யாராவது அம்மா பேச்சை எடுத்ததும் அந்தக் குரல் சரிந்து, கட்டைவிரல் வாய்க்குள் போய்விடும். விரலைச் சப்பிக்கொண்டு பேசும் குழந்தையின் குழறல், அதிலும் ஒரு ராஜ தோரணை. மகள் நாற்பது தடவை பார்ப்பதில் தவறே இல்லை. ஜெர்மன் மொழிப் பதிப்பிலும் அந்தச் சிங்கத்துக்கு அவரே குரல் கொடுத்தார்.

கேள்வி: நாடகாசிரியராக அவரை யாரும் இப்போது பேசுவதில்லையே. நாடகங்கள் அவ்வளவு சுமாரா?

பாதி சுமார்தான், மறைப்பானேன்? பேச்சு சுகத்தில் கதையை மறந்துவிடுகிற நோய் அவருக்கு உண்டு. ஆனால் 'தி லவ் ஆஃப் ஃபோர் கர்னல்ஸ்' நாடகத்தை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1951-இல் லண்டன் விண்டம்ஸ் அரங்கில் ஏறியது. போருக்குப் பிந்தைய ஜெர்மனி. ஹார்ட்ஸ் மலைப் பகுதியில் ஒரு கிராமம். அதை நிர்வகிக்க பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், சோவியத் என்று நாலு நாட்டுக் கர்னல்கள். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கே நாலு பேருக்கும் ஒத்துப்போகாது. அருகே ஒரு கோட்டையில் தூங்கும் அழகி கிடக்கிறாள். அவளை எழுப்பி மனத்தைக் கவர ஒவ்வொரு கர்னலுக்கும் ஒரு வாய்ப்பு. ஆங்கிலேயர் ஷேக்ஸ்பியர் பாணியில் காதலிக்கிறார், ரஷ்யர் தம் நாட்டு நாடகாசிரியர் செகாவின் பாணியில் பெருமூச்சு விடுகிறார், பிரெஞ்சுக்காரர் பதினெட்டாம் நூற்றாண்டு நளினத்தோடு வருகிறார், அமெரிக்கருக்குக் கிடைத்தது ரவுடிப் படப் பாணி.

கவனியுங்கள், இதுவும் மிமிக்ரிதான். ஆளுக்குப் பதில் நாட்டையே மிமிக்ரி செய்கிறார். நாடகத்தில் வரும் கெட்ட தேவதை வேடம் உஸ்தினவுக்கே. நியூயார்க் விமர்சகர்கள் 1953-இல் சிறந்த அயல்நாட்டு நாடகம் என்று விருது கொடுத்தார்கள். 1956-இல் வந்த 'ரோமனாஃப் அண்ட் ஜூலியட்' இதன் தம்பி: சோவியத் தூதரின் மகனும் அமெரிக்கத் தூதரின் மகளும் காதலிக்கிறார்கள், நடுவில் ஒரு சுண்டைக்காய் நாடு. அதைப் பின்னர் அவரே படமாகவும் எடுத்தார். பனிப்போர் முடிந்ததும் இரண்டுக்கும் கால் உடைந்தது. அது எழுதியவர் குற்றமில்லை.

கேள்வி: ஆஸ்கர் எந்தப் படங்களுக்கு?

'ஸ்பார்ட்டகஸ்' (1960), 'டாப்கபி' (1964). முதலாவதில் அடிமைகளை வாங்கிச் சண்டைக்குப் பழக்கும் பட்டியாடஸ். சுரங்கத்தில் ஸ்பார்ட்டகஸை முதன்முதலாகப் பார்க்கும் காட்சியில், நம் ஊர் மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல் பல்லைப் பார்த்து மதிப்புப் போடுவார். கொடுமைக்காரன் என்று காட்ட முகத்தைச் சுளிக்கவே மாட்டார். வெயிலுக்கும் செலவுக்கும் அலுத்துக்கொள்கிற வியாபாரி, அவ்வளவுதான். இதை இயக்கிய ஸ்டான்லி குப்ரிக்கின் படத்தில் நடித்து ஆஸ்கர் வாங்கியவர் இவர் ஒருவரே. படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போனதாம். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று யாரோ கேட்டதற்கு அவருடைய சின்ன மகள் "ஸ்பார்ட்டகஸ்" என்றாள் என்பது அவர் ஓயாமல் சொன்ன கதை.

கேள்வி: ராணுவத்தில் நடிகர் டேவிட் நிவனுக்கு ஏவலாளாக இருந்தாராமே?

உண்மை. 'தி வே அஹெட்' (1944) படத்துக்கு எரிக் ஆம்ப்ளருடன் சேர்ந்து திரைக்கதை எழுதினார். ஆம்ப்ளரும் நிவனும் அதிகாரிகள், இவர் சாதாரணச் சிப்பாய். சிப்பாய் அதிகாரிகளோடு சரிசமமாக உட்காரக் கூடாது. நிவனின் ஏவலாள் என்று பதிவு செய்து சிக்கலைத் தீர்த்தார்கள்.

கேள்வி: துப்பறிவாளர் புவாரோவாக டேவிட் சூஷேயா, உஸ்தினவா?

அகதா கிறிஸ்டியின் கதையில் வரும் புவாரோ வேண்டுமென்றால் சூஷே. உஸ்தினவுக்கு உடம்பும் பெரிது, மிடுக்கும் தளர்ச்சி. ஆனாலும் 1978-இல் 'டெத் ஆன் தி நைல்' தொடங்கி ஆறு முறை நடித்தார். அவற்றில் ஒன்றான 1985-ஆம் ஆண்டின் தொலைக்காட்சிப் படத்தில் இன்ஸ்பெக்டர் ஜாப்பாக வருபவர் யார் தெரியுமா? சூஷேதான்.

கேள்வி: இந்திரா காந்தி கொலையின்போது டெல்லியில் இருந்தாரா?

இருந்தார். ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக இந்திராவைப் பேட்டி காண, 1984 அக்டோபர் 31 காலை அக்பர் சாலை அலுவலகத் தோட்டத்தில் படக்குழுவோடு காத்திருந்தார். பக்கத்திலிருந்த சஃப்தர்ஜங் சாலை வீட்டிலிருந்து அந்தப் பேட்டிக்காக நடந்துவரும் வழியில்தான் இந்திரா சுடப்பட்டார். உஸ்தினவ் அதைப் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டார். முதலில் தனித்தனியாகச் சில வெடிகள், பிறகு சரமாரியாக என்று பிரித்துச் சொன்னார்.

கேள்வி: பிள்ளைகளோடு சேர்ந்து கேட்க ஏதாவது?

ரஷ்ய இசையமைப்பாளர் புரோக்கோஃபியேவின் இசைக்கதை 'பீட்டர் அண்ட் த வுல்ஃப்'. கரயான் நடத்திய பிலார்மோனியா இசைக்குழு வாசிக்க, கதை சொல்பவர் உஸ்தினவ். கிராமி விருது பெற்ற பதிவு, அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

நாடகப் பிரதிகள் எங்கே கிடைக்கும் என்று கேட்ட இருவருக்கும்: பழைய புத்தகக் கடைதான். எனக்குக் கிடைத்ததில் கடைசி இரண்டு பக்கம் இல்லை.